பிழையை எண்ணும் முனை

ரௌட்டரிடம் ஓர் இணைப்பைப் பற்றிக் கேட்டால் அது இருபது வரிக்கு மேல் பதில் சொல்லும். போர்ட் உயிரோடு இருக்கிறதா, வேகம் என்ன, எத்தனை பேக்கெட் உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது. அதற்கும் கீழே, பலர் பார்க்காமலேயே தாண்டிப்போகும் இடத்தில், பிழைகளின் கணக்கு இருக்கும். இன்புட் எரர், சி.ஆர்.சி., ரன்ட், ஜயன்ட், ஓவர்ரன், கொலிஷன், லேட் கொலிஷன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் எண். பெரும்பாலான நாட்களில் அது பூஜ்யம். பூஜ்யமாக இல்லாத நாட்களில்தான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

பல்கலைக்கழகத்தில் ஓ.எஸ்.ஐ. ஏழு அடுக்கையும் மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். சப்நெட் கணக்குகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஆனால் இந்தக் கவுண்டர்களை எப்படி வாசிப்பது என்று அரை மணி நேரம் கூட யாரும் சொல்லித்தந்ததில்லை. வேலைக்கு வந்தபிறகு, சத்தம் போடும் வாடிக்கையாளருக்கும் சத்தம் போடும் மேலாளருக்கும் நடுவில் நின்றுகொண்டு கற்றுக்கொண்டதுதான்.

இந்த எண்களிடம் எல்லாருக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. ரௌட்டருக்கு யார் மேலும் கோபம் கிடையாது, யாருக்கும் அது பயப்படாது. அதனால் சண்டை வரும்போது யாராவது அந்தத் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். சிவப்பில் ஒரு வட்டம். 'இதுதான் ஆதாரம்.' அதற்கு மேல் பேச்சு கிடையாது. அப்படி ஒரு சிவப்பு வட்டத்தால் ஒருவருடைய கூலி நிறுத்திவைக்கப்பட்டதைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன் அந்த எண் எங்கே பிறக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

*

பள்ளியில் வகுத்தல் கணக்குப் போட்டு மீதி எழுதியது நினைவிருக்கும். சி.ஆர்.சி. ஏறக்குறைய அதுதான். அனுப்பும் கருவி, தான் அனுப்பப்போகும் பிட்டுகள் முழுவதையும் ஒரே நீண்ட எண்ணாக எடுத்துக்கொண்டு, எல்லாரும் முன்பே ஒப்புக்கொண்ட ஒரு வகுஎண்ணால் வகுக்கிறது. கடன் வாங்காத, கையிருப்பு இல்லாத ஒரு தனி வகை வகுத்தல். வரும் மீதியை 32 பிட்டில் ஃபிரேமின் வாலில் ஒட்டி அனுப்புகிறது. பெறும் கருவி அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கிறது. மீதி ஒத்துப்போனால் ஃபிரேமை உள்ளே விடும். ஒத்துப்போகாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு, கவுண்டரில் ஒன்றைக் கூட்டும். அவ்ளோதான். அனுப்பியவருக்கு ஒரு தகவல் கூடப் போகாது.

வெஸ்லி பீட்டர்சனும் டி. டி. பிரவுனும் 1961இல் எழுதிய கட்டுரைதான் இந்தக் கணக்கைப் பொறியாளர்கள் கையில் கொடுத்தது. பீட்டர்சன் பின்னாளில் ஹவாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அதே பல்கலைக்கழகத்தில்தான் நார்மன் ஏப்ராம்சனின் குழு, தீவுகளை வானொலி வழியாக இணைக்கும் அலோஹாநெட்டை 1971இல் இயக்கியது. அதைப் படித்த ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸோடு சேர்ந்து, 1973இல் ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஈத்தர்நெட்டைத் தொடங்கினார்.

ஆரம்பகால ஈத்தர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டன. பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். யாரும் பேசவில்லை என்றால் பேசலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்துவிட்டால் இருவரும் நிறுத்தி, கொஞ்சம் காத்திருந்து மறுபடி பேச வேண்டும். கொலிஷன் எனப்படும் மோதல் அங்கே பிழையே அல்ல, அன்றாடம். ஒரு ஃபிரேம் குறைந்தது 64 பைட் நீளம் இருக்க வேண்டும் என்ற விதி இதனால் வந்தது. 64 பைட்டை அனுப்பி முடிப்பதற்குள் மோதிய செய்தி அனுப்பியவருக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். அதையும் தாண்டி வந்த மோதலுக்குப் பெயர் லேட் கொலிஷன். விதிப்படி நடக்கவே கூடாத மோதல் அது. இந்தப் பெயர் பிறகு தேவைப்படும்.

இன்றைய இணைப்புகள் பெரும்பாலும் ஃபுல் டூப்ளெக்ஸ். போக ஒரு பாதை, வர ஒரு பாதை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம், மோதலுக்கு இடமே இல்லை. ஒருவர் பேச மற்றவர் கேட்கும் பழைய முறை ஹாஃப் டூப்ளெக்ஸ்.

*

போர்ட் கிள்ளான் பக்கம் ஒரு கிடங்கு. ஒரு சனி, ஞாயிறில் அலுவலகத்தைக் கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு மாற்றினார்கள். ரௌட்டர் இருந்த ரேக்கும் மாடிக்குப் போனது. தலைமையகத்தோடு இணைக்கும் சேவை வந்து சேரும் பெட்டி மட்டும் கீழேயே இருந்தது. கீழிருந்து மேலே புதுக் கேபிள் இழுக்கும் வேலை ஓர் அண்ணனுக்குக் கிடைத்தது. ஐம்பதைத் தாண்டியவர். ஒரு பழைய வேன், இரண்டு பையன்கள், சொந்தமாகச் சின்ன கொன்ட்ராக்ட் தொழில்.

திங்கட்கிழமை காலை 8 மணிக்குக் கிடங்கு ஓடத் தொடங்கியதும் கையிலிருந்த ஸ்கேனர்கள் சிக்கிச் சிக்கி நின்றன. தலைமையகத்திலிருந்து அன்றைய ஆர்டர் பட்டியல் இறங்க நிமிடக்கணக்கில் ஆனது. லாரிகள் வாசலில் காத்துக்கிடந்தன. யாரோ ரௌட்டருக்குள் போய்ப் பார்த்தார்கள். வெளி இணைப்பின் போர்ட்டில் சி.ஆர்.சி. ஆறு இலக்கத்தில் இருந்தது. சி.ஆர்.சி. என்று தேடினால் கேபிளைப் பார் என்று வரும். கேபிளை மாற்றியது யார்? சிவப்பு வட்டம் போட்ட படம் குழுவில் ஏறியது.

அண்ணன் மறுபடி இழுத்தார், சொந்தச் செலவில். சரியாகவில்லை. மூன்றாவது தடவை, லிஃப்ட் மோட்டார் பக்கமே போகாமல் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எண் ஏறிக்கொண்டே இருந்தது. இணைப்புச் சேவை தந்தவர்களைக் கேட்டால், 'எங்க பக்கம் பிங் ஓடுது' என்று சொல்லிப் புகாரை மூடினார்கள். அண்ணனுக்கு வர வேண்டிய மிச்சப் பணம், 4,000 ரிங்கிட்டுக்கு மேல், நிறுத்திவைக்கப்பட்டது. மூன்றாவது வாரம்தான் என்னை அனுப்பினார்கள்.

நான் போனபோது அவர் ரேக் அறையில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கையில், கேபிள் சோதனைக் கருவியின் முடிவுகளை அச்சடித்த தாள்கள்.

"பாருங்க தம்பி. நாலு ஜோடியும் பாஸு. நீளம் 40 மீட்டர் கூட வரல. நான் இன்னும் என்னத்த மாத்துறது? நம்பர் ஏறுதுங்குறாங்க. நம்பருக்கு எங்க போயி பதில் சொல்றது?"

ஈத்தர்நெட் செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர் வரை அனுமதி. அவர் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் எண் ஏறுகிறது என்பதும் உண்மைதான்.

*

ஒரு கவுண்டரைப் பார்த்தால் நான் மூன்று கேள்வி கேட்பேன். எப்போதிலிருந்து? எத்தனையில்? எந்த முனையில்?

முதல் கேள்விக்கான பதில் அதே திரையிலேயே இருக்கும், ஆனால் சிவப்பு வட்டத்துக்கு வெளியே. கவுண்டர்கள் கடைசியாக எப்போது அழிக்கப்பட்டன என்று ஒரு வரி. அந்த ரௌட்டரில் அது 'நெவர்' என்றது. அண்ணனின் கேபிளுக்கு வயது மூன்று வாரம். குழுவில் ஏறிய ஆறு இலக்க எண்ணில் எத்தனை பழையது, எத்தனை நேற்றையது என்று அந்த எண்ணுக்கே தெரியாது. காரின் மீட்டர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சொல்லும். நேற்று எங்கே போனாய் என்று அதனிடம் கேட்க முடியாது.

அதனால் எண்ணைப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். இப்போது ஒன்றைக் குறித்துக்கொள், பத்து நிமிடம் கழித்து மறுபடி பார். வித்தியாசம் பூஜ்யம் என்றால் அது பழைய வடு. ஏறினால் இப்போதும் ரத்தம் வருகிறது. (பைட் கணக்கில் இதிலும் ஒரு பொறி உண்டு. பழைய 32 பிட் கவுண்டர் 4,294,967,295ஐத் தொட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் ஆறு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். 64 பிட் கவுண்டர்கள் வந்தது அதனால்தான்.) சிலர் வந்தவுடனே கவுண்டரை அழித்துவிட்டு ஆரம்பிப்பார்கள். நான் முதலில் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துக்கொள்வேன். அழித்துவிட்டால் பழைய வடுவையும் பார்க்க முடியாது.

பத்து நிமிட வித்தியாசத்தில் எண் ஏறத்தான் செய்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் இரண்டு கேள்வி பாக்கி இருந்தது.

*

அந்தப் பத்து நிமிட இடைவெளிகளில் பேச நேரம் நிறைய இருந்தது. அவர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். அம்மா பால்மரம் வெட்டியவர்.

"வெட்டி எடுத்த பால காண்டாவுல தூக்கிட்டு ஸ்டோருக்குப் போவாங்க. அங்க கிராணி வாளிக்குள்ள ஒரு கண்ணாடி மாதிரி மிதக்க விட்டுப் பாப்பாரு. அது என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு. ஒரு தடவ எங்கம்மாவ புடிச்சிட்டாங்க, தண்ணி கலந்துட்டேன்னு. மொத நாளு ராத்திரி மழ தம்பி. மங்குல கெடந்த தண்ணியா இருக்கும், மரத்துல வழிஞ்சதா இருக்கும். அதெல்லாம் யாரு எழுதுறா?"

அவர் சொன்ன கருவி மெட்ரோலாக். பாலின் அடர்த்தியை வைத்து அதில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிடும் மிதவைமானி. பால் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று அது சொல்லும். ஏன் நீர்த்தது என்று சொல்லாது. அந்த வாளி மரத்தடியிலிருந்து ஸ்டோர் வரை வந்த வழியில் எண்ணுவதற்கு யாரும் இல்லை. எண்ணுகிறவர் கடைசி முனையில், பெற்றுக்கொள்ளும் இடத்தில், நிழலில் நிற்கிறார்.

அவர் இதை ஒப்பிட்டுச் சொல்லவில்லை. எஸ்டேட் கதையாகத்தான் சொன்னார், பிறகு பையனுக்கு போன் போட்டு ஷா ஆலமில் இன்னொரு வேலைக்கு ஸ்க்ரூ வாங்கச் சொன்னார். நான்தான் திரையைப் பார்த்துக்கொண்டே அதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

*

இரண்டாவது கேள்வி, எத்தனையில். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பிழை என்றால் நிறையவா கொஞ்சமா? பத்தாயிரம் ஃபிரேமில் ஆயிரம் என்றால் இணைப்பு செத்துவிட்டது. நூறு மில்லியனில் ஆயிரம் என்றால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. ஜிகாபிட் செம்புக் கேபிளுக்கான தரநிலையே பத்து பில்லியன் பிட்டுக்கு ஒன்று தவறுவதைப் பொறுத்துக்கொள்கிறது. பிழையே இல்லாத கம்பி என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது.

அதேசமயம் சின்ன விகிதம் செய்யும் சேதம் சின்னதாக இருக்காது. டி.சி.பி. ஒரு பேக்கெட் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று நினைத்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 1997இல் மாத்திஸும் உடன் எழுதியவர்களும் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். எட்டக்கூடிய வேகம், தொலையும் விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். அதாவது, பத்தாயிரத்தில் ஒன்று தொலையும் பாதையில் கிடைக்கும் வேகத்தில், நூற்றில் ஒன்று தொலையும் பாதையில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். 'நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது நல்லாத்தானே போகுது' என்று சொன்னால் மேலாளர் நம்பலாம். ஸ்கேனர் நம்பாது.

அன்று நான் பார்த்தது விகிதத்தின் அளவை மட்டுமல்ல, அது எப்போது மாறுகிறது என்பதையும்தான். கிழிந்த சாக்கில் அரிசி கொண்டுபோனால், கொஞ்சம் கொண்டுபோனால் கொஞ்சம் சிந்தும், நிறையக் கொண்டுபோனால் நிறையச் சிந்தும். ஆனால் நூற்றுக்கு இவ்வளவு என்பது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கெட்ட கேபிளும் அப்படித்தான். இங்கே வேலை சூடுபிடித்த நேரத்தில் விகிதமே ஏறியது. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போனதும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கிழிந்த சாக்குக்கு ஓட்டை எப்போதும் இருக்கும். கூட்டம் சேரும்போது மட்டும் அது கிழிந்துகொள்ளாது.

அடுத்து ஒரு சோதனை செய்தேன். தலைமையகத்திலிருந்து கிடங்கை நோக்கி ஒருவழியாக மட்டும், பதில் எதிர்பார்க்காத யு.டி.பி. பேக்கெட்டுகளை ஐபெர்ஃப் கருவியால் அனுப்பச் சொன்னேன். இணைப்பு கிட்டத்தட்ட நிரம்பும் அளவுக்கு. பத்து நிமிடம். சி.ஆர்.சி. அசையவே இல்லை. பிறகு அதே நேரத்தில் கிடங்கிலிருந்தும் எதிர்த்திசையில் அனுப்பினேன். எண் மளமளவென்று ஏறியது.

அண்ணனின் கேபிளுக்கு அங்கேயே விடுதலை கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். உள்ளே வரும் பாதை கெட்டிருந்தால் ஒருவழிச் சோதனையிலேயே தெரிந்திருக்கும். ஜோடிகளுக்கு இடையே கசிவு இருந்தால்? அதுவும் தெரிந்திருக்கும். 100 மெகாபிட் செம்பு இணைப்பில் ஒன்றும் பேசாத நேரத்திலும் இரண்டு பக்கமும் ஐடில் குறிகளை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். எதிர்ப்பக்கம் பேசுகிறதா, சும்மா இருக்கிறதா என்று கம்பிக்குத் தெரியாது. அது தெரிந்து நடந்துகொள்கிற ஏதோ ஒன்று அந்த இணைப்பில் இருந்தது.

*

மூன்றாவது கேள்விதான் யாரும் கேட்காதது. சி.ஆர்.சி. பெறுகிற முனையில் எண்ணப்படுவது. ரௌட்டரில் அது ஏறுகிறது என்றால், ரௌட்டருக்கு வந்து சேர்ந்தவை கெட்டுப்போய் வந்தன என்று அர்த்தம். கேபிளுக்கு இரண்டு முனை. மறுமுனையில் சேவை தந்தவர்களின் பெட்டி இருக்கிறது, அதற்கும் கவுண்டர்கள் உண்டு. மூன்று வாரமாக யாரும் அதைப் பார்க்கவில்லை.

ரௌட்டரின் அமைப்பைப் பார்த்தேன். வேகம் 100, டூப்ளெக்ஸ் ஃபுல் என்று கையால் பூட்டப்பட்டிருந்தது. இது ஒரு பழைய தலைமுறையின் பழக்கம். இரண்டு கருவிகள் தாமாகவே வேகத்தையும் டூப்ளெக்ஸையும் பேசி முடிவு செய்யும் ஆட்டோ நெகோஷியேஷன் 1995இல் தரநிலையானது. ஆரம்பத்தில் ஒரு நிறுவனத்தின் கருவியும் இன்னொன்றின் கருவியும் சரியாக ஒத்துப்போகாமல் தகராறு செய்ததால், இரண்டு பக்கமும் கையாலேயே பூட்டிவிடுங்கள் என்று மூத்தவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு அது நல்ல அறிவுரை. அந்தத் தகராறுகள் தீர்ந்த பிறகும் அறிவுரை மட்டும் ஒரு ரௌட்டரிலிருந்து அடுத்ததுக்கு நகலாகிக்கொண்டே வந்தது.

பூட்டுவதென்றால் இரண்டு பக்கமும் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஆட்டோ பக்கம் பேசிப் பார்க்கும், பதில் வராது. வரும் குறியை வைத்து வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், ஆனால் டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. அப்படியென்றால் ஹாஃப் என்று வைத்துக்கொள் என்பது தரநிலை. இப்போது ஒருவர் தொலைபேசியில் பேசுவது போலப் பேசுகிறார், இன்னொருவர் வாக்கி-டாக்கியில் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். தொலைபேசிக்காரர் எப்போது வேண்டுமானாலும் வாய் திறப்பார். வாக்கி-டாக்கிக்காரர் தான் பேசும்போது எதிர்க்குரல் கேட்டதும் மோதல் என்று நினைத்துத் தன் பேச்சைப் பாதியில் வெட்டிவிடுவார். அந்த அரைகுறை ஃபிரேம் ரௌட்டருக்கு வந்து சேரும். மீதி ஒத்துப்போகாது, சி.ஆர்.சி.யில் ஒன்று கூடும். 64 பைட்டுக்கும் குறைவாக இருந்தால் ரன்ட். அந்தத் திரையில் ரன்ட்டும் ஏறிக்கொண்டிருந்தது. சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்து எண்தான் அது.

பிங் ஏன் ஓடியது என்பதும் இதில் விளங்கிவிடும். பிங் ஒரு சின்ன பேக்கெட்டை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, பிறகு அடுத்ததை அனுப்பும். இருவரும் ஒரே நேரத்தில் பேசும் சந்தர்ப்பமே வராது. 'எங்க பக்கம் பிங் ஓடுது' என்றவர்கள் பொய் சொல்லவில்லை. எதைச் சோதித்தாலும் வெற்றி தரும் ஒரு சோதனையைச் செய்திருக்கிறார்கள்.

இரவு 9 மணிக்கு மேல் சேவை மையத்தில் ஒருவர் போன் எடுத்தார். புது புகார் எண் வேண்டாம், இரண்டே விஷயம் வாசித்துச் சொல்லுங்கள் என்று மலாயில் கேட்டேன். எங்களைப் பார்த்த போர்ட்டில் டூப்ளெக்ஸ் என்ன? லேட் கொலிஷன் எத்தனை? கீபோர்ட் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அமைதி. "ஹாஃப், பாஸ்," என்றார். பிறகு, "லேட் கொலிஷன் பாஞாக்." அவராகவே இன்னொன்றையும் சொன்னார். கீழேயிருக்கும் பெட்டி பழசாகிவிட்டதால் மாற்றியிருக்கிறார்கள். தேதியைக் கேட்டேன். அண்ணன் கேபிள் இழுத்த அதே சனிக்கிழமை.

பழைய பெட்டி பூட்டப்பட்டிருந்தது, புதியது ஆட்டோவில் வந்திருந்தது. கிடங்கில் யாருக்கும் தகவல் இல்லை. ரௌட்டரில் இரண்டு வரியைத் தட்டி ஆட்டோவுக்கு மாற்றினேன். இணைப்பு சில விநாடி விழுந்து எழுந்தது. இரண்டு பக்கமும் ஃபுல். அதே இருவழிச் சோதனையை மறுபடி ஓட்டிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம்.

"நின்னுருச்சா?"

"நின்னுருச்சு அண்ணே."

அவர் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

*

பெரும்பாலான நாட்களில் சி.ஆர்.சி. என்றால் கேபிள்தான். நாற்காலிச் சக்கரத்தடியில் நசுங்கிய ஒயர், சரியாகக் கடிக்காத கனெக்டர், தூசி ஒட்டிய ஃபைபர் முனை, எல்லாம் பார்த்திருக்கிறேன். கேபிள்காரர் எப்போதும் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. சில சமயம் கதை இன்னும் சுற்றிப் போகும். ஃபிரேமின் தலையை மட்டும் பார்த்து உடனே தள்ளிவிடும் கட்-த்ரூ வகை சுவிட்சுகள், வால் வந்து மீதியைச் சரிபார்ப்பதற்குள் கெட்ட ஃபிரேமை அடுத்த போர்ட்டுக்கு அனுப்பிவிட்டிருக்கும். மூன்று சுவிட்ச் தள்ளி நடந்த காயத்தை, சம்பந்தமே இல்லாத ஒரு போர்ட் எண்ணிக்கொண்டிருக்கும். முழு ஃபிரேமையும் வாங்கிச் சோதித்த பிறகே அனுப்பும் சுவிட்ச் என்றால், பிழை பக்கத்து இணைப்பில்தான் என்று சொல்லலாம். எந்த வகை சுவிட்ச் என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

அந்தக் கிடங்கு விஷயத்தில் என்னை இன்னமும் உறுத்துவது வேறு. ரௌட்டரை வைத்திருந்தவர்களிடம் ஒரு திரை இருந்தது. சேவை தந்தவர்களிடம் ஒரு திரை இருந்தது. ஒவ்வொருவரும் தம் திரையைக் காட்டி, பிழை நம்முடையதில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. கேபிளுக்குக் கவுண்டர் கிடையாது. தனக்குள் என்ன வந்தது, எப்படிப் போனது என்று அது எங்கேயும் எழுதி வைப்பதில்லை. இரண்டு முனைகளும் தம் தம் கணக்கைச் சொன்னால், நடுவில் கிடப்பதன் மேல் மிச்சப் பழி தானாக விழும். கேபிளை இழுத்தவரும் அப்படித்தான் நடுவில் இருந்தார். அந்த வாட்ஸ்அப் குழுவில் அவர் உறுப்பினர் கூட இல்லை. அந்தச் சிவப்பு வட்டத்தை நான் என் போனில் காட்டித்தான் அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

சேவை தந்தவர்கள் புகாரை 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்' என்று மூடினார்கள். கிடங்கின் ஐ.டி. பிரிவு 'தீர்க்கப்பட்டது' என்று ஒரு சொல் எழுதியது. இரண்டிலும் யார் மேலும் தவறு இல்லை. அதில் ஒரு சிக்கல் உண்டு. குழுவில் கேபிள் மேல் சொல்லப்பட்ட பழியை யாரும் எழுத்தில் திரும்ப எடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து யாராவது தேடினால் அந்தச் சிவப்பு வட்டம்தான் கிடைக்கும். அதை யாரும் அழிக்கவில்லை.

என் அறிக்கையை அதற்காகவே நீளமாக எழுதினேன். எந்தத் தேதியிலிருந்து, எந்த முனையில் என்ன அமைப்பு, ஒருவழிச் சோதனையில் எத்தனை, இருவழிச் சோதனையில் எத்தனை, மாற்றிய பிறகு எத்தனை. பொறியியல் அறிக்கைக்கு இதெல்லாம் சாதாரணம். கிடங்கு மேலாளர் முழுவதையும் வாசித்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார், பிறகு கணக்குப் பிரிவுக்கு அனுப்பினார். அடுத்த மாதம் அண்ணனுக்கு மிச்சப் பணம் வந்தது. இரண்டாவது, மூன்றாவது தடவை இழுத்த கேபிளுக்கும் கூலிக்கும் யாரும் கொடுக்கவில்லை. கேட்டீர்களா என்று அவரிடம் கேட்டேன். "அடுத்த வேல குடுக்கணும்ல தம்பி," என்றார்.

அதற்குப் பிறகு நான் எழுதும் அறிக்கைகளில், கேபிளில் பிரச்சினை இல்லாத இடங்களிலும், கேபிளுக்கென்று தனியாக ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, பழுதில்லாததை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டாள். கேபிளால் எழுத முடியாது என்றேன். சிரித்தாள். ஆனால் போன வாரம் அவள் அனுப்பிய அறிக்கையில், கடைசிப் பக்கத்தில், அந்த வரி இருந்தது: கேபிள் சோதிக்கப்பட்டது, பழுது இல்லை.